கரிம டைட்டானியம்: சின்தசிஸ் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரிக்னார்டும் (கரிம மெக்னீசியம் வினைபொருள்) பியூட்டைல் லித்தியமும் கைக்குப் பழகியபின் முதன்முறையாக டைட்டானியம் பக்கம் வருகிறவர்களுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் எழுகின்றன. அவற்றில் முக்கியமானவை இங்கே. கரிம வேதியியலின் அடிப்படை தெரிந்தவர்களுக்காக எழுதியது.

கரிம டைட்டானியம் என்று எதைச் சொல்கிறோம்?

கறாராகச் சொன்னால், டைட்டானியத்துக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் டைட்டானியம் டெட்ராகுளோரைடும் டைட்டானியம் டெட்ரா ஐசோபுரோப்பாக்சைடும் கரிம டைட்டானியம் அல்ல. இரண்டும் தொடக்கப் பொருள்கள். 1980இல் காட்சுகியும் ஷார்ப்லெஸும் வெளியிட்ட எப்பாக்சைடு வினையும் (2001 நோபல் பரிசுக்குக் காரணமானது) டைட்டானியத்தை ஆக்சிஜன்களுக்கு நடுவில் வைத்தே வேலை வாங்குகிறது. அங்கே கார்பன் பிணைப்பு கிடையாது. ஆனால் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் 'டைட்டானியம் வேதியியல்' என்று பேசுவதுதான் வழக்கம். நானும் சில இடங்களில் அப்படித்தான் பேசப்போகிறேன்.

கிரிக்னார்டு இருக்கும்போது இது எதற்கு?

கிரிக்னார்டு முரட்டு ஆள். ஆல்டிஹைடு, கீட்டோன், எஸ்டர் என்று வேறுபாடு பார்க்காது. மூலக்கூறில் இந்த மூன்றும் இருந்து ஆல்டிஹைடை மட்டும் தொட வேண்டுமென்றால், அதனால் ஆகாது. அதே மெத்தில் தொகுதியை டைட்டானியத்தின் மேல் ஏற்றி மெத்தில் டைட்டானியம் ட்ரை ஐசோபுரோப்பாக்சைடு ஆக்கிவிட்டால் கதை மாறுகிறது. ஆல்டிஹைடோடு சட்டென்று சேரும். கீட்டோனோடு மிக மெதுவாக. எஸ்டரையும் நைட்ரைலையும் நைட்ரோ தொகுதியையும் பெரும்பாலும் திரும்பியே பார்க்காது. 1980 வாக்கில் ரீட்ஸ் குழுவும் சீபாக் குழுவும் தனித்தனியே இதைக் காட்டினார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. கரிம லித்தியமும் கிரிக்னார்டும் வலுவான காரங்கள். பீட்டா டெட்ராலோன் போன்ற, எளிதில் ஈனால் ஆகிவிடும் கீட்டோனில் மெத்தில் லித்தியத்தை விட்டால் அது சேர்வதற்குப் பதிலாக புரோட்டானைப் பிடுங்கிவிடும். வினை முடிந்து பார்த்தால் போட்ட கீட்டோன் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்திருக்கும். டைட்டானியத்தின் மேல் இருக்கும் மெத்திலுக்குக் காரத்தன்மை குறைவு. அது சேர்ந்துவிடுகிறது.

இதை எப்படித் தயாரிப்பது?

ஒரு பங்கு டைட்டானியம் டெட்ராகுளோரைடு, மூன்று பங்கு டெட்ரா ஐசோபுரோப்பாக்சைடு. குளிரவைத்து, ஈரமில்லாமல், நைட்ரஜனின் கீழ் மெதுவாகக் கலந்தால் ஈனிகள் (உலோகத்தோடு ஒட்டியிருக்கும் தொகுதிகள்) இடம் மாறி குளோரோ டைட்டானியம் ட்ரை ஐசோபுரோப்பாக்சைடு கிடைக்கும். கலக்கும்போது நன்றாகச் சூடேறும். முதலில் பாகு மாதிரி இருப்பது நேரம் போகப்போக இறுகிக் கெட்டியாகிவிடும். பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அதுதான். லேசாகச் சூடாக்கினால் இளகும், இல்லையென்றால் கரைப்பானில் கரைத்து வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இதன்மேல் ஒரு சமானம் கரிம லித்தியமோ கிரிக்னார்டோ சேர்த்தால் குளோரின் போய் கார்பன் வந்து உட்காரும். மெத்தில் சேர்மத்தைக் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கக்கூட முடியும். ஆனால் பெரும்பாலும் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. அதே குடுவையில் ஆல்டிஹைடை ஊற்றிவிடுவார்கள்.

டைட்டானியம்–கார்பன் பிணைப்பு பலவீனமானது என்று படித்தேனே?

இது பழைய தவறான எண்ணம், இன்னும் பல பாடக்குறிப்புகளில் உலவுகிறது. 1950க்கு முன் பலர் கரிம டைட்டானியம் சேர்மத்தைத் தனியே பிரிக்க முயன்று தோற்றார்கள். பிணைப்பே நிற்காது போலிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஹெர்மனும் நெல்சனும் ஃபீனைல் டைட்டானியம் ட்ரை ஐசோபுரோப்பாக்சைடைப் பிரித்தெடுத்தார்கள். 1954இல் வில்கின்சனும் பர்மிங்காமும் டைட்டனோசீன் டைகுளோரைடைத் தந்தார்கள் (டைட்டனோசீன் என்றால் இரண்டு சைக்ளோபென்டாடையீனைல் வளையங்களைத் தாங்கிய டைட்டானியம்). இந்தச் சிவப்புப் படிகங்களைச் சாதாரணக் காற்றில் எடுத்து எடை போடலாம்.

பிணைப்பு பலவீனமானது அல்ல. அந்த மூலக்கூறு தப்பித்துப்போக எளிய வழிகள் இருக்கின்றன, அதுதான் சங்கதி. நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் டைட்டானியத்துக்கு டி எலக்ட்ரான் ஒன்றுகூடக் கிடையாது. காலி ஆர்பிட்டால்கள் நிறைய. பக்கத்துக் கார்பனில், அதாவது பீட்டா இடத்தில், ஹைட்ரஜன் இருந்தால் அதை உலோகம் இழுத்துக்கொள்ளும், மிச்சம் ஆல்கீனாகக் கழன்றுவிடும். மெத்திலிலும் ஃபீனைலிலும் இந்த வாசல் அடைபட்டிருக்கிறது. அதனால் அவை நிற்கின்றன. எத்தில், பியூட்டைல் தொகுதிகளுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. அவற்றை மிகக் குளிரில் உண்டாக்கி உடனே பயன்படுத்த வேண்டும். அல்லது அந்தச் சிதைவையே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். குலின்கோவிச் செய்தது அதைத்தான், கீழே பார்ப்போம்.

பீட்டா ஹைட்ரஜன் இல்லாவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. டெட்ராமெத்தில் டைட்டானியத்தில் அப்படி ஒரு ஹைட்ரஜனும் இல்லை, ஆனாலும் அறை வெப்பநிலையில் அது தாங்காது. நான்கு சிறு மெத்தில்களால் உலோகத்தின் காலி இடங்களை மறைக்க முடியாது. ஐசோபுரோப்பாக்சைடு மூன்று வந்தால் பருமனாலும், ஆக்சிஜனின் தனி எலக்ட்ரான் இணைகளாலும் அந்த இடங்கள் நிரம்புகின்றன.

குளோரைடு ஈனியா, ஆல்காக்சைடு ஈனியா? எதைத் தேர்ந்தெடுப்பது?

'டைட்டானியத்தின் வினைத்திறன்' என்று தனியாக ஒன்று கிடையாது. கூட யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களைப் பொறுத்தது அது.

மெத்தில் டைட்டானியம் ட்ரைகுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குளோரின்களும் எலக்ட்ரானை இழுப்பதால் உலோகம் பசித்த லூயிஸ் அமிலமாக இருக்கும். ட்ரை ஐசோபுரோப்பாக்சைடில் ஆக்சிஜன்கள் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பசி அடங்கிவிடும். இந்த வித்தியாசம் எங்கே அழகாகத் தெரியுமென்றால், ஆல்டிஹைடுக்குப் பக்கத்துக் கார்பனில் பென்சைலாக்சி தொகுதி இருக்கும்போது. குளோரைடு வகை கார்பனைல் ஆக்சிஜனையும் பென்சைலாக்சி ஆக்சிஜனையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறது. இதுதான் கொடுக்கிணைப்பு. மூலக்கூறு ஒரு வளையமாக இறுகுகிறது, மெத்தில் தடையில்லாத பக்கம் வழியாக வருகிறது, கிடைப்பது ஒரு டயாஸ்டீரியோமர். ஐசோபுரோப்பாக்சைடு வகைக்கு இரண்டாவது கை நீட்டும் ஆசை இல்லை. மூலக்கூறு தன் இயல்பான வடிவத்திலேயே நிற்கிறது, மெத்தில் எதிர்ப்பக்கமாக வருகிறது, கிடைப்பது மற்ற டயாஸ்டீரியோமர். அதே மெத்தில், அதே உலோகம், அதே ஆல்டிஹைடு. ஈனியை மாற்றியதும் விகிதமே தலைகீழ். கரும்பலகையில் இந்த இரண்டு அம்புகளையும் வரைந்து காட்டும்போது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கொடுக்கிணைப்புக்கு வழியே இல்லாத 2-ஃபீனைல் புரோப்பனால் போன்ற ஆல்டிஹைடிலும் பலன் உண்டு. மெத்தில் கிரிக்னார்டு அதில் ஏறத்தாழ 2:1 என்ற விகிதத்தில்தான் தெரிவு காட்டும். டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு வகை கிட்டத்தட்ட 9:1 வரை போகும். பருமன் செய்யும் வேலை இது.

ஒரு எச்சரிக்கை. கொடுக்கிணைப்பு வேண்டுமென்றால் ஈதரைக் கரைப்பானாகப் போடாதீர்கள். டைட்டானியம் டெட்ராகுளோரைடில் ஈதர் பட்டதும் மஞ்சளாக ஒரு திண்மம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஈதர் வந்து அந்த இரண்டு இடங்களையும் பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. டைகுளோரோமீத்தேனில் டைமெத்தில் துத்தநாகத்தைக் கொண்டு தயாரித்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆல்டிஹைடை விட்டுவிட்டு கீட்டோனை மட்டும் தாக்க முடியுமா?

முடியும். இது கொஞ்சம் தந்திரமான வேலை. டெட்ராகிஸ் டைமெத்திலமினோ டைட்டானியத்தை முதலில் சேர்த்தால் அதன் அமினோ தொகுதி ஆல்டிஹைடின்மேல் போய் உட்கார்ந்து அதை மூடிவிடும். கீட்டோன் திறந்தே இருக்கும். பிறகு கரிம லித்தியத்தை விட்டால் வேறு வழியின்றிக் கீட்டோனைத்தான் தாக்கும். நீர் சேர்த்ததும் மூடி கழன்று ஆல்டிஹைடு திரும்பி வரும். தனியாகப் பாதுகாப்புத் தொகுதி போட்டுக் கழற்றும் இரண்டு படிகள் மிச்சம்.

கீட்டோனின் ஆக்சிஜனை எடுத்துவிட்டு இரண்டு மெத்தில் வைக்க வேண்டும். வழி உண்டா?

டைமெத்தில் டைட்டானியம் டைகுளோரைடு. முதல் மெத்தில் சேர்ந்து மூன்றாம்நிலை ஆல்காக்சைடு உண்டாகும். டைட்டானியம் அந்த ஆக்சிஜனோடு போய்விட, உருவாகும் கார்போநேரயனியில் இரண்டாவது மெத்தில் வந்து சேரும். நான்கு பக்கமும் கார்பன் உள்ள மையத்தை ஒரே குடுவையில் கட்டும் வேலை இது. அமிலத்துக்கு அஞ்சும் தொகுதிகள் இருந்தால் வேண்டாம்.

எஸ்டரை ஆல்கீனாக்க விட்டிக் வினை ஒத்துவரவில்லை. டெப்பேயா, பெட்டாசிஸா?

முதலில் ஏன் ஒத்துவரவில்லை என்று பார்ப்போம். விட்டிக் இலைடு காரத்தன்மை உடையது. எஸ்டர் கார்பனைலோ சோம்பேறி. டைட்டானியம் கார்பீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. டைட்டானியத்துக்கும் கார்பனுக்கும் இரட்டைப் பிணைப்பு. கார்பனைலோடு சேர்ந்து நான்கு முனை வளையமாகி, டைட்டானியம் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். எஸ்டரிலிருந்து ஈனால் ஈதர் கிடைக்கும், அமைடிலிருந்து ஈனமீன்.

டெப்பே வினைபொருள் 1978இல் டூபாண்ட் ஆய்வகத்திலிருந்து வந்தது. டைட்டனோசீன் டைகுளோரைடும் ட்ரைமெத்தில் அலுமினியமும் சேர்ந்து மீத்தேனை விட்டு உருவாகும் செந்நிறச் சேர்மம். பிரிடீன் போன்ற ஒரு லூயிஸ் காரம் அலுமினியத்தைக் கழற்ற உதவும், குளிரிலேயே வேலை நடக்கும். குறை என்னவென்றால் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடியது, அலுமினியத்தின் லூயிஸ் அமிலத்தன்மையும் கூடவே வரும். வினையை நிறுத்தும்போது காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். ஒரு சொட்டு விட்டு, நுரை அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த சொட்டு. அவசரப்பட்டு நான்கைந்து சொட்டைச் சேர்த்து விட்டவர்கள் தங்கள் விளைபொருளை ஃப்யூம் ஹூட் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்ததுண்டு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

1990இல் பெட்டாசிஸ் காட்டிய வழி இதைவிடச் சாது. டைமெத்தில் டைட்டனோசீன், ஆரஞ்சு நிறம், அலுமினியம் கிடையாது. எஸ்டரோடு சேர்த்து 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மீத்தேன் போய் அதே கார்பீன் உருவாகும். அப்ரெபிடன்ட் என்ற வாந்தித் தடுப்பு மருந்தின் தயாரிப்பில் மெர்க் நிறுவனம் இந்த வினையைப் பெரிய அளவில் செய்திருக்கிறது. என் பரிந்துரை இதுதான், ஒரு நிபந்தனையோடு: திண்மமாகச் சேமிக்காதீர்கள். அது தானாகவே சிதையத் தொடங்கினால் சிதைவு வேகமெடுக்கும். டொலுயீனிலோ டெட்ராஹைட்ரோஃபியூரானிலோ கரைத்துக் குளிரில், இருட்டில் வையுங்கள்.

வெறும் கீட்டோன்தான், அதுவும் எளிதில் ஈனால் ஆகக்கூடியது என்றால் இரண்டுமே தேவையில்லை. டைபுரோமோமீத்தேன், துத்தநாகத் தூள், டைட்டானியம் டெட்ராகுளோரைடு மூன்றையும் குளிரில் கலந்து செய்யும் தகாய்–லொம்பார்டோ முறையே போதும்.

குலின்கோவிச் வினையில் உண்மையில் என்ன நடக்கிறது?

1989இல் மின்ஸ்கில் உள்ள பெலாரஸ் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒலெக் குலின்கோவிச்சும் அவர் குழுவினரும் வெளியிட்டது. எஸ்டரோடு எத்தில் மெக்னீசியம் புரோமைடு சேர்த்தால் மூன்றாம்நிலை ஆல்கஹால் வரும் என்பது எல்லாரும் படித்தது. குடுவையில் கொஞ்சம் டைட்டானியம் டெட்ரா ஐசோபுரோப்பாக்சைடு, 5 முதல் 10 மோல் சதவீதம், இருந்தால் அது வராமல் சைக்ளோபுரோப்பனால் வருகிறது. மூன்று முனை வளையம்! மெத்தில் அசிடேட்டை எடுத்தால் 1-மெத்தில் சைக்ளோபுரோப்பனால்.

இரண்டு எத்தில்கள் டைட்டானியத்தில் ஏறுகின்றன. முன்பு சொன்ன அந்தப் பீட்டா ஹைட்ரஜன் வாசல் இங்கே திறக்கிறது: ஒரு எத்தில் மற்றதன் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு ஈத்தேனாகப் பறந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் இரண்டு கார்பன்களும் டைட்டானியத்தோடு சேர்ந்து மூன்று முனை வளையமாக, டைட்டனாசைக்ளோபுரோப்பேனாக நிற்கின்றன. இப்போது அந்த இரண்டு கார்பனுமே கருக்கவர் முனைகள். ஒன்று எஸ்டர் கார்பனைலைத் தாக்குகிறது, ஆல்காக்சி தொகுதி வெளியேறி அங்கே ஒரு கீட்டோன் பிறக்கிறது. மற்றொரு கார்பன் அதே கீட்டோனைத் தாக்கி வளையத்தை மூடுகிறது. நீளமான ஆல்கைல் கிரிக்னார்டு போட்டால் இரண்டு ஆல்கைல் தொகுதிகளும் ஒரே பக்கம் அமைந்த, சிஸ் மாற்றியம்தான் பெரும்பான்மை.

வினை ஓடுவது கண்ணுக்கே தெரியும். கிரிக்னார்டு சொட்டுச் சொட்டாக இறங்க, வெளிர்நிறக் கரைசல் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கட்டைக்கரியாகிவிடும், கூடவே குமிழ்கள். வாயு வெளியேற வழி வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இதை வளர்த்தவர்கள் பலர். டி மைரே குழு 1996இல் அமைடிலிருந்து சைக்ளோபுரோப்பைல் அமீன் எடுத்தது; ஷிமோனியாக் குழு 2001இல் நைட்ரைலிலிருந்து முதல்நிலை அமீனை எடுத்தது. குறையும் உண்டு. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு சமானம் கிரிக்னார்டு வெறும் ஈத்தேனாக வீணாகிறது. அந்தக் கிரிக்னார்டு அரிதானது என்றால் மனசு கேட்காது. அப்போது மலிவான சைக்ளோஹெக்சைல் மெக்னீசியம் குளோரைடைப் பலியாகக் கொடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய ஆல்கீனைக் குடுவையில் போட்டு, உலோகத்தின் மேலேயே ஆல்கீன்களை மாற்றிக்கொள்ளலாம்.

மெக்முர்ரி வினை சிலநேரம் ஆல்கீன் தருகிறது, சிலநேரம் டையால் தருகிறது. ஏன்?

வெப்பநிலை. குறைந்த ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள டைட்டானியம் இரண்டு கார்பனைல்களுக்கு எலக்ட்ரான் கொடுத்து முதலில் அவற்றின் கார்பன்களை இணைக்கிறது. குளிரில் நிறுத்தினால் டையால். கொதிக்கவிட்டால் ஆக்சிஜன் இரண்டையும் டைட்டானியமே உருவிக்கொண்டு ஆல்கீனை விட்டுவிடும். 1974இல் மெக்முர்ரி இப்படித்தான் 20 கார்பன் உள்ள ரெட்டினால் என்ற ஆல்டிஹைடை இரட்டித்து 40 கார்பன் உள்ள பீட்டா கரோட்டினைச் செய்தார். 1994இல் நிகோலாவ் குழு டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தின் எட்டு முனை வளையத்தை மூடியது டையால் நிலையில் நிறுத்தும் வகையில்.

வளையம் மூட வேண்டுமென்றால் டைகார்பனைலைச் சிரிஞ்சு பம்பில் போட்டுப் பல மணி நேரம் விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் மூலக்கூறுகள் தங்களுக்குள் சங்கிலியாகக் கோர்த்துக்கொள்ளும்.

டைட்டனோசீன் டைகுளோரைடோடு துத்தநாகம் போட்டேன், சிவப்பு பச்சையாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

இல்லை, சரியாக வந்திருக்கிறது. அந்தப் பச்சை மூன்றாம் நிலை டைட்டானியம். ஒற்றை எலக்ட்ரான் கொடுத்து எப்பாக்சைடைத் திறக்கும்; நுஜென்டும் ராஜன்பாபுவும் 1988இல் காட்டியது. அதிகம் பதிலிடப்பட்ட கார்பனில் தனி உறுப்பு (ரேடிக்கல்) உருவாவதால் ஆல்கஹால் மற்றப் பக்கம், குறைவாகப் பதிலிடப்பட்ட கார்பனில் நிற்கும். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு தருவதற்கு நேர் எதிர். காற்றுப் புகுந்தால் பச்சை போய் மஞ்சள், ஆரஞ்சு என்று திரும்பிவிடும். அதனால் நிறமே உங்கள் காவல்காரன்.

ஒளிசுழற்றும் தெரிவு (வலது, இடது ஆடிப் பிம்ப வடிவங்களில் ஒன்றை மட்டும் பெறுவது) கிடைக்குமா?

தாராளமாக. டார்டாரிக் அமிலத்திலிருந்து செய்யும் டாடால் என்ற ஈனி சீபாக்கின் கொடை. டைஎத்தில் துத்தநாகம் தனியாக ஆல்டிஹைடைக் கண்டுகொள்ளாது. கைரல் ஈனியுடன் டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு இருந்தால் எத்தில் தொகுதி டைட்டானியத்துக்கு மாறி, ஒரே முகம் வழியாகச் சேரும்.

ஆபத்தானதா?

டைட்டானியம் டெட்ராகுளோரைடுதான் கவனிக்க வேண்டியது. மூடியைத் திறந்தாலே காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெண்புகையாக ஹைட்ரஜன் குளோரைடும் ஆக்சைடுத் தூளும் கிளம்பும். சிரிஞ்சில் எடுத்தால் ஊசி முனையில் நொடியில் வெள்ளை அடைப்பு விழும். அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் உள்தண்டு இறுகி நகராது. எடுத்த கையோடு உலர்ந்த டொலுயீனை இழுத்து அலசுங்கள். நேராகத் தண்ணீரில் முக்காதீர்கள். டைக்ளோரோமீத்தேனில் கரைத்து விற்கும் 1 மோலார் கரைசலை வாங்கினால் பாதித் தலைவலி குறையும். மற்றபடி கழிவாக மிஞ்சும் டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் அதே பொருள். குரோமியம், டின் கழிவுகளோடு ஒப்பிட்டால் இது நிம்மதி.

தண்ணீர் சேர்த்ததும் எல்லாம் வெள்ளைக் களியாகிவிட்டது. பிரிபுனலில் அடுக்கே பிரியவில்லை. என்ன செய்வது?

டைட்டானியம் வேலையில் உண்மையான எரிச்சல் இதுதான். அந்தக் களிக்குள் உங்கள் விளைபொருள் சிக்கியிருக்கிறது, குலுக்கக் குலுக்க மோசமாகும். குலுக்குவதை நிறுத்துங்கள். மறுபடி குடுவையில் ஊற்றி, ரோஷெல் உப்பின் (சோடியம் பொட்டாசியம் டார்டரேட்) செறிந்த கரைசலையோ அம்மோனியம் ஃபுளோரைடு கரைசலையோ சேர்த்து, அடுக்குகள் தெளியும்வரை காந்தக் கலக்கியில் விடுங்கள். சிலநேரம் இரண்டு மணி நேரம், சிலநேரம் இரவு முழுக்க. விளைபொருள் அமிலத்தைத் தாங்குமென்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் களி வேகமாகக் கரையும்.

அடுத்தமுறை வேறு விதமாகச் செய்து பாருங்கள். பிரிபுனலையே எடுக்காதீர்கள். கரைசலைச் செலைட்டோடு (வடிகட்ட உதவும் தூள்) நன்றாகக் கலக்கிக்கொண்டே மிகக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் களிக்குப் பதில் மணல் மாதிரி படியும். வடிகட்டி, எத்தில் அசிடேட்டால் தாராளமாகக் கழுவிவிடலாம்.

டெட்ரா ஐசோபுரோப்பாக்சைடு பாட்டில் உறைந்துவிட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். அது சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகிவிடும்; மூடி தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். இளகிய பிறகும் அடியில் வெள்ளையாகத் தூள் கிடந்தால்தான் ஈரம் புகுந்திருக்கிறது. அப்போது காய்ச்சி வடியுங்கள்.